தென்தீவில் ஒரு பகல், மூன்று மாலை: குடும்பப் பயணத்துக்குள் ஃப்ளை ஃபிஷிங்

நியூசிலாந்தின் தென்தீவில் டிசம்பர் கடைசியில் சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகிவிடும். அதற்குப் பிறகும் அரை மணி நேரம் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும். குடும்பத்தோடு போகும் பயணத்தில் ஃப்ளை ஃபிஷிங்குக்கு (பூச்சிபோல் கட்டிய ‘ஃப்ளை’யை வீசி ட்ரவுட் மீன் பிடிப்பதற்கு) நேரம் எங்கே என்று தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய கணக்கு இதுதான். பகல் முழுக்க ஏரி, மலை, படகு என்று எல்லோரோடும் சுற்றிவிட்டு ஏழு மணிக்குச் சாப்பாட்டை முடித்தால், எட்டிலிருந்து பத்து வரை ஆறு உங்களுடையது. ட்ரவுட்டும் அந்த நேரத்தில்தான் மேலே வந்து பூச்சி தின்னும்.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பயணத்தின் கடைசியில் இரண்டு முழுப் பகலை மீனுக்கென்று ஒதுக்குவார்கள். ஒன்று மழையில் போகும், இன்னொன்று வீட்டாரின் முகச்சுளிப்பில் போகும். பத்து நாள் பயணத்துக்குப் பொருந்தும் அளவு இது: கைடோடு ஒரே ஒரு பகல், தனியாக மூன்று மாலை. அந்த ஒரு பகலையும் பயணத்தின் முதல் பாதியில் வையுங்கள். மழை வந்தால் தள்ளிப்போட நாள் மிச்சமிருக்கும். கைடிடம் கற்றதை மீதி மாலைகளில் செய்து பார்க்கவும் முடியும்.

சீசன் விஷயத்தில் நம் பள்ளி விடுமுறைகள் பாதி உதவும், பாதி காலை வாரும். தென்தீவின் பெரும்பாலான ஆறுகள் அக்டோபர் 1-ல் திறந்து ஏப்ரல் 30-ல் மூடுகின்றன. மலைக்குள் இருக்கும் சில மேல்பகுதிகள் நவம்பரில்தான் திறக்கும். அரையாண்டு விடுமுறை கச்சிதமாகப் பொருந்தும். மே மாதக் கோடை விடுமுறை பொருந்தாது. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு ஆண்டிறுதி விடுமுறை சரி, ஜூன் விடுமுறை சரியில்லை. மே, ஜூனில்தான் போக முடியும் என்றால் வடதீவில் டௌப்போ ஏரியும் அதில் விழும் டொங்காரிரோ ஆறும் இருக்கின்றன. குளிர்காலத்தில் ரெயின்போ ட்ரவுட் முட்டையிட ஏரியிலிருந்து ஆற்றுக்குள் ஏறும். ஆனால் அது முழங்கால் விறைக்கும் வேறு விளையாட்டு, லைசென்சும் வேறு. இங்கே பேசுவது தென்தீவுக் கோடை பற்றி மட்டும்.

லைசென்ஸ் இல்லாமல் நன்னீரில் தூண்டில் போட முடியாது. தென்தீவு முழுவதற்கும் ‘ஃபிஷ் அண்ட் கேம்’ அமைப்பு இணையத்திலேயே தருகிறது. வெளிநாட்டவருக்கு ஒரு நாள் லைசென்சும் முழு சீசன் லைசென்சும் உண்டு, கட்டணம் ஆண்டுதோறும் மாறும். நான்கு முறைக்கு மேல் ஆற்றுக்குப் போகும் எண்ணமிருந்தால் ஒரு நாள் கட்டணத்தைப் பெருக்கி சீசன் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூட்டம் அதிகம் வரும் சில புகழ்பெற்ற ஆற்றுப் பகுதிகளுக்கு இதற்கு மேல் தனி அனுமதி வேண்டும். வெளிநாட்டவர் அதை நாள் கணக்கில் வாங்க வேண்டும்; ஒரு சீசனில் ஒரு வட்டாரத்துக்கு ஐந்து நாள்தான். குடும்பப் பயணத்தில் அந்தப் பகுதிகளைத் தொடாமலேயே நல்ல மீன் பார்க்கலாம். டௌப்போ வட்டாரம் மட்டும் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் கீழ் வருகிறது. தென்தீவில் வாங்கிய தாள் அங்கே செல்லாது.

விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ராடால் (தூண்டில் கோலால்) அல்ல, ஷூவால். 2004-ல் சௌத்லாந்தின் வையாவ் ஆற்றில் டிடிமோ என்ற பாசி கண்டுபிடிக்கப்பட்டது. ஈரப் பஞ்சுபோல் கற்களை மூடிக்கொள்ளும், ஒரு சொட்டுத் தண்ணீரில்கூடப் பரவும். அதனால் ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) அடிப்பாகம் கொண்ட ஷூக்களை ஆற்றில் போடுவதற்கே அங்கே தடை. ரப்பர் அடிப்பாகம் மட்டும்தான். ஆற்றில் இறங்கப் போடும் நீர்புகா உடையை வேடர் என்பார்கள் (நம் ஊர் வேடரோடு சம்பந்தமில்லை). பயன்படுத்திய வேடர், ஷூ, வலை எதுவானாலும் சுத்தமாக, முழுக்கக் காய்ந்த நிலையில் கொண்டுபோய், வருகைப் படிவத்தில் அறிவித்துவிட வேண்டும். இறகாலும் ரோமத்தாலும் கட்டிய ஃப்ளைகளையும் சேர்த்து எழுதுங்கள். இட்லிப் பொடியையும் ஊறுகாயையும் அறிவிக்கும் அதே இடம்தான். அறிவித்தால் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவதுதான் வழக்கம். மறைத்தால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.

ஒரு பகலுக்காக வேடரையும் ஷூவையும் சுமந்து போவது தேவையற்றது. இரண்டும் சேர்ந்து மூன்று நான்கு கிலோ வரும், கைடே தந்துவிடுவார். கோடை மாலைகளில் வேடரும் வேண்டாம். சீக்கிரம் உலரும் பேன்ட், கம்பளி சாக்ஸ், பிடிப்புள்ள பழைய ஷூ போதும். முழங்காலுக்கு மேல் இறங்காவிட்டால் சரி. எடுத்துப் போக வேண்டியது நான்கு துண்டாகக் கழற்றும் 9 அடி ராடும் ரீலும்தான். ராடின் குழாய் 80 சென்டிமீட்டருக்குள் அடங்கும், பெரிய சூட்கேஸில் குறுக்கே படுக்கும். ரீலைக் கையில் எடுத்துப் போங்கள். கொக்கி, கத்தரி, இடுக்கி எல்லாம் சரக்குப் பெட்டியில்.

ராட் 5 வெயிட்டா 6 வெயிட்டா (ராடுக்கு ஏற்ற லைனின் கனத்தைச் சொல்லும் எண்) என்ற கேள்விக்கு இங்கே விடை 6. தென்தீவில் மதியத்துக்கு மேல் வடமேற்குக் காற்று கிளம்பினால் 5 வெயிட்டின் லைன் முகத்துக்கே திரும்பி வரும். மிதக்கும் லைன் ஒன்று போதும், நிறம் ஆலிவ் அல்லது சாம்பல். பளிச்சென்ற ஆரஞ்சு, மஞ்சள் லைனைத் தெளிந்த தண்ணீருக்கு மேல் வீசினால் நிழல் விழுவதற்குள் மீன் போய்விடும். லைனின் முனையில் கட்டும் மெல்லிய நரம்பான லீடர் 9 அடி, அதன் நுனியில் இன்னும் மெல்லிய டிப்பெட் 4 அடி, மொத்தம் 13 அடி. டிப்பெட்டின் பருமன் பகலுக்கு 4எக்ஸ் அல்லது 5எக்ஸ், மாலைக்கு 3எக்ஸ் (எண் குறைந்தால் தடிமன் கூடும்). ஃப்ளைகளை அங்கேயே கடையில் வாங்குங்கள். அந்த வாரம் என்ன தின்கிறது என்பது கல்லாவில் நிற்பவருக்குத்தான் தெரியும், விசாரிப்பதற்கும் அது ஒரு சாக்கு. தொடக்கத்துக்கு இவை போதும் (பெயர் ஃப்ளையின் வகை, எண் கொக்கியின் அளவு; எண் கூடினால் கொக்கி சிறியது): பாராசூட் ஆடம்ஸ் 14, 16, எல்க் ஹேர் கேடிஸ் 14, ராயல் வுல்ஃப் 12, டங்ஸ்டன் மணி வைத்த ஃபெஸன்ட் டெயில் நிம்ஃப் 14, 16, ஹேர் அண்ட் காப்பர் 14. ஜனவரி பாதிக்கு மேல் போனால் சிக்காடா 8 அல்லது 10. மரத்தில் கத்தும் அந்தப் பூச்சி தண்ணீரில் விழும் சத்தத்துக்கே பெரிய ட்ரவுட் திரும்பிப் பார்க்கும். ஒவ்வொன்றிலும் மூன்று வாங்குங்கள். ஒன்று மரத்துக்கு, ஒன்று பாறைக்கு, ஒன்று மீனுக்கு.

போவதற்கு முன் இரண்டு வாரம், தினமும் கால் மணி நேரம் வீசிப் பழகுங்கள். கொக்கிக்குப் பதில் நுனியில் சிறு கம்பளி நூல் துண்டு. இலக்கு 12 மீட்டர் தூரத்தில் ஒரு தட்டு. அந்தத் தட்டில் பத்துக்கு ஐந்து விழுந்தால் போதும், 20 மீட்டர் வீச வேண்டிய தேவை அங்கே வராது. பின்னாலும் அதே அளவு இடம் வேண்டும் என்பதால் விளையாட்டு மைதானம்தான் சரி. மொட்டைமாடி வேண்டாம். ஃப்ளை ராட் கார்பன் ஃபைபர், மின்சாரம் கடத்தும். பக்கத்தில் மின்கம்பி போகும் மாடியில் 9 அடிக் கோலைச் சுழற்றுவது உயிரோடு விளையாடுவது. முடிச்சில் இரண்டு வந்தால் போதும்: ஃப்ளையைக் கட்ட க்ளின்ச், டிப்பெட்டை லீடரோடு இணைக்க சர்ஜன்ஸ். இரண்டையும் மங்கிய விளக்கில் கட்டிப் பழகுங்கள். வெள்ளெழுத்து வந்த வயதென்றால் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் போடுங்கள். மாலை மீன் பொங்கிக்கொண்டிருக்கும்போது 16 அளவுக் கொக்கியின் துளையைத் தேடித் தேடியே நேரம் போனவர்கள் ஏராளம்.

கைடின் கட்டணம் அதிகம்தான். ஆனால் ஒருவர் போனாலும் இருவர் போனாலும் நாள் கட்டணம் அநேகமாக ஒன்றே. துணைக்கு ஓர் ஆள் இருந்தால் பாதியாகும். கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி நடு வரை அந்நாட்டு மக்களுக்கும் விடுமுறை என்பதால் நல்ல கைடுகள் பல மாதம் முன்பே நிரம்பிவிடுவார்கள். பதிவு செய்வதற்கு முன் கேட்க வேண்டியவை: லைசென்ஸ் கட்டணத்தில் சேர்ந்ததா (பெரும்பாலும் இல்லை), வேடரும் ஷூவும் உங்கள் அளவில் உண்டா, தங்குமிடத்திலிருந்து அழைத்துப் போவாரா, எத்தனை கிலோமீட்டர் நடை, ஆறு கலங்கினால் மாற்று என்ன, ரத்து செய்தால் பணம் திரும்புமா. சைவம் என்றால் அதையும் அன்றே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஹாம் சாண்ட்விச்தான் கிடைக்கும். இன்னொன்று, உங்கள் வீச்சைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுங்கள். "நன்றாக வீசுவேன்" என்று சொன்னவரைக் கைடு சின்ன, தெளிந்த, கடினமான ஓடைக்குக் கூட்டிப்போவார். அங்கே நாள் முழுக்க மீன் ஓடுவதைப் பார்க்கலாம். "10 மீட்டர்தான் வரும்" என்றால் அதற்கேற்ற தண்ணீரை அவர் அறிவார்.

அந்த ஒரு பகலில் நடப்பது, தூண்டில் போட்டுக் காத்திருப்பது என்று நாம் பழகியதற்கு நேர் எதிர். தென்தீவு ஆறுகளில் மீன் குறைவு, இருப்பவை பெரியவை. ஒன்றரை, இரண்டு கிலோ ப்ரவுன் ட்ரவுட் அங்கே சாதாரணம். அதனால் முதலில் கண்ணால் தேட வேண்டும், பிறகுதான் வீச வேண்டும். ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்கும், அதனால் கீழிருந்து மேலாக, அதன் முதுகுப் பக்கமாக நடக்க வேண்டும். வெயில் உயரே இருக்கும் காலை ஒன்பதரை முதல் நான்கு வரைதான் தண்ணீருக்குள் பார்வை போகும். பழுப்பு நிறப் போலராய்டு கண்ணாடியும், அடிப்பக்கம் கறுத்த அகல விளிம்புத் தொப்பியும் இல்லாமல் போனால் கைடுக்குத் தெரியும் மீன் உங்களுக்குத் தெரியாது. முழு மீனைத் தேடாதீர்கள். கல்லின் நிறத்திலிருந்து சற்றே வேறுபட்ட ஒரு கோடு, இடமும் வலமுமாக ஆடும் ஒரு நிழல், வாய் திறக்கும்போது ஒரு நொடி தெரியும் வெண்மை, இதைத்தான் தேட வேண்டும். எதிர்க்கரையில் இருண்ட மரங்களோ மலைச்சரிவோ இருக்கும் பக்கம் பார்த்தால் தண்ணீரில் வானத்தின் பளபளப்பு விழாது. வெள்ளைச் சட்டையும் சிவப்புத் தொப்பியும் ஹோட்டலிலேயே இருக்கட்டும்.

மீன் தெரிந்ததும் உடனே வீசுவதுதான் முதல் தவறு. ஒரு நிமிடம் பாருங்கள். மேலே எழும்பித் தின்றால் நீர்மேல் மிதக்கும் ட்ரை ஃப்ளை. நடுத்தண்ணீரில் பக்கவாட்டில் நகர்ந்து தின்றால் நீருக்குள் மூழ்கும் நிம்ஃப். அசையாமல் அடியில் ஒட்டிக் கிடந்தால் அநேகமாக உங்களைப் பார்த்துவிட்டது, அடுத்த மீனுக்கு நடங்கள். எது என்று புரியாவிட்டால் ராயல் வுல்ஃபை மேலே கட்டி, அதன் கொக்கி வளைவிலிருந்து 70 சென்டிமீட்டர் டிப்பெட்டில் ஒரு ஃபெஸன்ட் டெயிலைத் தொங்கவிடுங்கள். மேலே உள்ள ஃப்ளையை மீன் தின்றாலும் பலன், அது மிதவையாக நின்றாலும் பலன். மேலே போவது நிம்ஃபைச் சுமக்கும் அளவுக்கு மிதப்புள்ளதாக இருக்க வேண்டும்; மெல்லிய ஆடம்ஸ் 16-ல் டங்ஸ்டன் மணியைக் கட்டினால் இரண்டும் சேர்ந்து முழுகும்.

ஃப்ளை மீனுக்கு ஒன்று, ஒன்றரை மீட்டர் மேலே, சற்று உங்கள் பக்கமாக விழ வேண்டும். நேர் பின்னாலிருந்து தலைக்கு மேல் லைனைப் போட்டால் கதை முடிந்தது. ஒரு பக்கமாக நகர்ந்து நின்று, லீடர் மட்டும் அதன் பக்கத்தில் போகும்படி கோணம் எடுங்கள். சரியாக விழுந்தும் மீன் தொடவில்லை என்றால் பத்தில் எட்டு முறை காரணம் இழுப்பு. உங்களுக்கும் மீனுக்கும் இடையில் ஓடும் வேகமான நீர் லைனைப் பிடித்து இழுக்க, ஃப்ளை மற்ற குமிழிகளைவிட வேகமாகப் போகும். பக்கத்தில் மிதக்கும் ஒரு நுரைத்துண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் வரவில்லை என்றால், லைன் தண்ணீரில் விழுந்த உடனே ராடின் நுனியால் அதை மேல்நீர்ப் பக்கம் தூக்கிப் புரட்டிப் போட வேண்டும்.

அடுத்தது, கொக்கியை ஏற்றும் நேரம். பெரிய ப்ரவுன் ட்ரவுட் நிதானமாக மேலே வந்து, வாயைத் திறந்து, மூடி, தலையைக் கவிழ்த்துக் கீழே போகும். வாய் திறப்பதைப் பார்த்ததும் பதறித் தூக்கினால் ஃப்ளை திறந்த வாயிலிருந்து வெளியே வந்துவிடும். முதல் நாளில் போகும் மீன்களில் பாதி இப்படித்தான் போகும். ‘ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு’ என்று மனதுக்குள் சொல்லி முடித்து, பிறகு தூக்குங்கள். நிம்ஃபுக்கு இந்த நிதானம் கூடாது. மிதவை தயங்கிய அந்தக் கணமே தூக்க வேண்டும். மாட்டிய மீன் கீழ்நீர்ப் பக்கம் பாய்ந்தால் நின்ற இடத்திலிருந்து இழுக்காதீர்கள், கரையோடு நீங்களும் நடங்கள். ராடைப் பக்கவாட்டில் சாய்த்து இழுத்தால் சீக்கிரம் களைக்கும். நாளுக்கு நாலைந்து நல்ல வாய்ப்பு, இரண்டு மீன் கைக்கு வந்தால் நல்ல நாள். இந்தக் கணக்கை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொண்டால் மதியம் மூன்று மணிக்குச் சோர்வு வராது.

திருப்பி விடுவதுதான் அங்கே பெரும்பாலோர் வழக்கம். கொக்கியின் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். கையை நனைத்துக்கொண்டு, ரப்பர் வலைக்குள், மீன் தண்ணீரிலேயே இருக்கட்டும். படத்துக்கு மூன்று நொடி தூக்கினால் போதும். நீரின் வெப்பம் 20 டிகிரியை நெருங்கினால் அன்று நிறுத்திவிடுவது நல்லது, விட்ட மீனும் பிழைப்பது சந்தேகம். சாப்பிட ஒன்று வைத்துக்கொள்ள நினைத்தால் அந்த ஆற்றின் எண்ணிக்கை, அளவு விதியைப் பாருங்கள். இன்னொரு வேடிக்கை, நியூசிலாந்தில் ட்ரவுட்டை விற்பதே சட்டவிரோதம். உணவக மெனுவில் இருக்காது, நீங்கள் பிடித்துக் கொடுத்தால் சமைத்துத் தரும் சமையல்காரர் உண்டு. அந்த ஊர் மீனும் அல்ல அது. ப்ரவுன் ட்ரவுட் 1860-களில் டாஸ்மேனியா வழியாக முட்டையாக வந்திறங்கியது. அவலாஞ்சிக்கும் நுவரெலியாவுக்கும் ட்ரவுட்டைக் கொண்டுவந்து விட்ட அதே வெள்ளைக்காரர் ஏக்கம்தான்.

ஊர்களைத் தேர்வதில் மீனை மட்டும் பார்த்தால் கோர் போகத் தோன்றும். மட்டௌரா ஆற்றங்கரையில், ஊருக்குள்ளேயே பெரிய ட்ரவுட் சிலை வைத்திருக்கும் ஊர். மே-ஃப்ளை என்ற பூச்சி பொரியும் நாளில் அந்த ஆற்றுக்கு இணை குறைவு. ஆனால் குழந்தைகளுக்கு அங்கே இரண்டாம் நாள் ஒன்றும் இருக்காது. குடும்பப் பயணத்துக்கு வனாக்காதான் நடுநிலை. ஏரி, புதிர்வழிப் பூங்கா, லாவெண்டர் தோட்டம் என்று பகல் போய்விடும். ஏரியிலிருந்து க்ளூத்தா ஆறு புறப்படும் இடம் ஊரிலிருந்து ஐந்தே நிமிடம். அங்கிருந்து ஆல்பர்ட் டவுன் வரை ஆற்றோரமாகவே நடைபாதை போகிறது. வீட்டார் உலாவப் போகலாம், நீங்கள் அதே கரையில் நிற்கலாம். மூன்று இரவு அங்கே. பிறகு டே அனௌவில் இரண்டு இரவு. இரண்டு ஏரிகளை இணைக்கும் மேல் வையாவ் ஆறு பக்கத்தில்தான். மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த மில்ஃபோர்ட் சவுண்ட் போகும் நாளை மட்டும் மீனுக்காக விட்டுவிடாதீர்கள். விட்டால் அடுத்த பயணப் பெட்டியில் ராடுக்கு இடம் இருக்காது. வீசவே வராதவர் யாராவது கூட வந்தால் ட்வைசல் பக்கத்து மின்நிலையக் கால்வாய்களில் சாதாரண ஸ்பின்னிங் தூண்டிலோடு நிற்கட்டும். சால்மன் பண்ணைகளிலிருந்து சிதறும் தீனியைத் தின்று கொழுத்த மீன்கள் அங்கே.

மாலைக்கு வேறு முறை. கண்ணால் தேட வெளிச்சம் போதாது, தேடவும் வேண்டாம். எட்டு மணிக்கு ஆற்றுக்குப் போய், சுழலும் மடுவின் ஓரத்தில் இருபது நிமிடம் சும்மா நில்லுங்கள். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் கேடிஸ் பூச்சிகள் கிளம்பும், கரையிலிருந்து இரண்டு மூன்று மீட்டரிலேயே மீன் எழுப்பும் வட்டங்கள் தெரியும். இடுப்பளவுக்கு இறங்கி நடு ஆற்றுக்கு வீசுகிறவர் மீனை மிதித்துக்கொண்டு போகிறார். முதலில் எல்க் ஹேர் கேடிஸை வட்டத்துக்கு மேலே போட்டு மிதக்க விடுங்கள். தொடாவிட்டால் நுனியை லேசாக அசைத்து அதை நீர்மேல் ஓடவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத இருட்டு வந்ததும் 12 அளவு சாஃப்ட் ஹேக்கிள் (மென்மையான இறகு சுற்றிய, மூழ்கும் ஃப்ளை) ஒன்றைக் கட்டி, குறுக்கே, சற்றுக் கீழ்நோக்கி வீசி, லைன் இறுகியபடி கரைப் பக்கம் வளைந்து வர விடுங்கள். கடித்தால் கையிலேயே தெரியும், தூக்க வேண்டியதில்லை. 3எக்ஸ் என்று சொன்னது இதற்குத்தான். இரண்டாவது லீடரில் இந்த ஃப்ளையைப் பகலிலேயே கட்டிச் சுருட்டி வைத்திருங்கள். தலைவிளக்கைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பாதீர்கள்.

க்ளூத்தா நீரளவில் நாட்டிலேயே பெரிய ஆறு. அழகாகத் தெரியும், காலை வாரும். அதில் கலக்கும் ஹாவேயா ஆற்றில் அணை இருக்கிறது, நீர் சொல்லாமல் ஏறும். தனியாகப் போகும் மாலையில் முழங்கால் ஆழம்தான் எல்லை, திரும்பும் நேரத்தை ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவசரத்துக்கு 111, ஊரைத் தாண்டினால் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. ஆற்றுக்குப் போகும் வழி பண்ணை நிலத்தில் போனால், பொதுவழிப் பலகை இல்லாத இடத்தில் வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். கேட் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுப் போங்கள். மணல் ஈ கடி கொசுக்கடியைவிட மோசம். கணுக்காலிலும் மணிக்கட்டிலும் மருந்து தடவுங்கள், உள்ளங்கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூச்சி மருந்து லைனைக் கரைக்கும்.

மழை பெய்தால் எல்லாம் போச்சு என்பதில்லை. ஒடாகோ, சௌத்லாந்து வட்டார நிர்வாகங்களின் இணையதளங்களில் ஆற்று நீரளவு வரைபடமாகக் கிடைக்கும். கோடு செங்குத்தாக ஏறியிருந்தால் அன்று ஆற்றை மறந்துவிட்டு ஏரிக்கரைக்குப் போங்கள். ஏரியிலிருந்து புறப்படும் ஆறுகள் மழைக்குச் சீக்கிரம் கலங்காது. வனாக்காவையும் டே அனௌவையும் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

டிடிமோ பரவாமலிருக்க, ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் போகும்போதெல்லாம் சாமான்களைக் கழுவ வேண்டும். ஒரே நாளில் இரண்டு ஆறு என்றாலும் விதி அதுதான். பத்து லிட்டர் வாளித் தண்ணீரில் அரை லிட்டர் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, ஒட்டிய பாசியையும் மண்ணையும் எடுத்த பிறகு, முழுக்க நனையும்படி ஊறவையுங்கள். ஷூ போன்று நீரை உறிஞ்சுபவை இன்னும் நேரம் கேட்கும். காயவைப்பதே வழி என்றால் தொட்டால் ஈரமில்லை என்ற நிலைக்குப் பிறகு இன்னும் 48 மணி நேரம். ஊர் திரும்பும் விமானத்துக்கு மூன்று நாள் முன்பு கடைசி மாலையை வைத்தால் இது தானாகவே நடந்துவிடும். ஷூவின் நாக்குக்கு அடியில் கைவிட்டுப் பாருங்கள், கடைசியாகக் காய்வது அந்த இடம்தான்.